எண்பத்தெட்டும் எண்பத்தொன்பதும்

பல்கலைக்கழக நூலகத்தின் மூன்றாம் மாடியில் அரிய சேகரிப்புப் பிரிவு இருக்கிறது. அதன் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை எல்லோரும் பென்சிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணைவேந்தரே வந்தாலும் சட்டைப்பையில் இருக்கும் பேனாவை வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டு, சீவிய பென்சில் ஒன்றைக் கையில் திணித்த பிறகுதான் உள்ளே விடுவாள். பழைய தாளில் மை பட்டால் போகாது, பென்சில் என்றால் அழித்துவிடலாம். அதுதான் அங்கே சட்டம். அவளுடைய வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. அலமாரி விழுந்து நசுங்கியது என்று புதிதாகச் சேரும் மாணவர்கள் கதை கட்டுவார்கள். அலமாரி பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. அந்த விரல்களை நொறுக்கியது கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணனைச் சொல்வதற்கு முன்னால் அப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பா சிறையில் தலைமை வார்டர். வீட்டுக்கு வந்தாலும் சீருடையைக் கழற்ற மாட்டார், பெல்ட்டை மட்டும் கழற்றுவார். சாப்பாட்டில் உப்பு கூடினால் அடி, குறைந்தால் அடி, சரியாக இருந்தால் என்ன நக்கலா என்று கேட்டு அடி. பெல்ட்டின் பித்தளைக் கொக்கி அம்மாவின் முன்பற்கள் இரண்டைக் கொண்டுபோயிற்று. ஒருமுறை தாடையே விலகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போனவள் எட்டு வயதுப் பென்சிலக்கா.

"எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டாள் நர்ஸ்.

வாயில் ரத்தம் கொட்டக் கொட்ட அம்மா சொன்னாள்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அந்த வீட்டில் பாத்ரூமே கிடையாது, குளிப்பதெல்லாம் தெருக்கோடிக் குழாயடியில்தான். அது நர்ஸுக்கும் தெரிந்திருக்கும் என்று பென்சிலக்கா இன்றைக்கும் நம்புகிறாள்.

அப்பா நோய் நொடியில்லாமல் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அநியாயம்தான், என்ன செய்வது. அவர் பொருட்களில் அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டது அந்த பெல்ட்டை. எதற்கு என்பதை அண்ணி ஆறே மாதத்தில் தெரிந்துகொண்டாள்.

பழைய சிறையை இடித்தபோது அதன் பதிவேடுகள் நாற்பது சாக்குகளில் நூலகத்துக்கு வந்தன. தூசி தட்டி, பூச்சி பார்த்து, பெட்டிகளில் அடுக்கியவள் பென்சிலக்கா. பதினோராவது சாக்கில் ஒரு தண்டனைப் பதிவேடு. திறந்ததுமே யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. சாய்வான, அழகான எழுத்து. வீட்டில் பள்ளிக்கூட ரிப்போர்ட் அட்டையில் கையெழுத்துப் போட்ட அதே கை.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது: "கைதி எண் 214. உத்தரவை மீறி இரண்டாம் முறை தண்ணீர் கேட்டது. ஐம்பது அடி. முப்பத்தொன்றில் பிரம்பு முறிந்தது. வேறு பிரம்பு கொண்டு முடிக்கப்பட்டது." எதிரே எண்பத்தொன்பதாம் பக்கத்தில், மறுநாள் தேதியிட்டு, அதே அழகான எழுத்தில்: "கைதி எண் 214. குளியலறையில் வழுக்கி விழுந்து மரணம்."

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் சின்னக் குழந்தைக்கும் புரிந்துவிடும். அவள் செய்த முட்டாள்தனம், போய் அண்ணனிடம் சொன்னது. அவர் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினார். நெற்றி பிளந்தது.

"அதக் கிழிச்சு எரிச்சுடு. அந்தப் பக்கம் வெளிய வந்துச்சு, புத்தகத்தத் தொட்ட கையத் தனியா எடுத்துடுவேன். புரியுதா?"

அண்ணன் சொன்னால் செய்பவர். அதில் மட்டும் அவர் நாணயமானவர்.

மறுநாள் கதவைத் தாழிட்டுக்கொண்டு பதிவேட்டை விரித்தாள். கிழிக்கக் கை வரவில்லை. இருபது வருடமாகத் தாளின் ஓரம் மடங்கினாலே துடித்துப்போகிறவள் எங்கே கிழிப்பது? கடையில் விற்கும் பசை பாட்டிலை எடுத்தாள். அது நாளடைவில் மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். அதற்கும் மனசு வரவில்லை. கடைசியில் பழுது பார்ப்பதற்கென்று காய்ச்சி வைத்திருந்த கோதுமை மாவுப் பசையை எடுத்து, எழுத்தில் படாமல் ஓரங்களில் மட்டும் மெல்லிசாகத் தடவி, இரண்டு பக்கத்தையும் முகத்தோடு முகம் ஒட்டினாள். ஈரம் காட்டினால் அந்தப் பசை சேதமில்லாமல் விட்டுவிடும். உயிர்ப்பயத்தில் ஒரு உண்மையை மறைக்கும்போதும் அதை ஒழுங்காகத் திரும்ப எடுக்க வழிவைத்து மறைத்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான் இருப்பாள். எரித்துவிட்டேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டு வருடம் ஓடியது. வரலாற்றுத் துறைப் பேராசிரியை ஒருவர் செவ்வாய்க்கிழமை தோறும் மாணவர்களை அங்கே கூட்டிவர ஆரம்பித்தார். கண்டிப்பான மனுஷி. ஆளுக்கொரு பழைய பதிவேட்டைக் கொடுத்து, "உள்ள என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படிக்காதீங்க. பொருளப் பாருங்க. எத்தன தாளு, என்ன தையலு, எங்க கறை, எங்க பூச்சி அரிச்சிருக்கு, எல்லாத்தயும் எழுதுங்க" என்றார். பதினோரு பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குனிந்தார்கள். அந்தப் பதிவேடு, எதையும் இரண்டு தரம் எண்ணும் ஒல்லிப்பெண் ஒருத்தியிடம் போயிற்று.

"மேடம், எண்பத்தேழுக்கு அப்புறம் தொண்ணூறு வருது."

"பழசு இல்லையா, ஒட்டிக்கிட்டிருக்கும்" என்று பென்சிலக்கா முந்திக்கொண்டாள். சொன்ன வேகமே சரியில்லை.

அந்தப் பெண் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "இல்லக்கா. ஓரத்துல மட்டும்தான் ஒட்டியிருக்கு, மூணு ஓரத்துலயும் ஒரே அகலம். போன வாரம் லேபிள் ஒட்டக் காட்டுனீங்களே, அதே பசை. யாரோ நம்ம ஆளுதான் ஒட்டியிருக்காங்க."

பேராசிரியை பென்சிலக்காவை ஏறிட்டுப் பார்த்தார். பிரித்தால் கிழிந்துவிடும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் கிணற்றில் போட்ட கல்தான். அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்துக்கு அப்பாவின் பெயரை வைக்க அண்ணன் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கல்வெட்டுகூடத் தயார். பக்கம் திறந்தால் கை போகும், அது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஆஸ்பத்திரியில் தலையைக் குனிந்துகொண்ட நர்ஸை நினைத்தாள். இப்போது அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஈர ஒற்றுத்தாளும், தாள் பிரிக்கும் எலும்புக் கத்தியும் எடுத்து வந்தாள். இருபத்தைந்து நிமிடம். பக்கங்கள் ஒரு நாரும் பிய்யாமல் பிரிந்தன. பதினோரு பேரும் சுற்றி நின்று படித்தார்கள். முப்பத்தொன்றாவது அடி வந்ததும் ஒரு பையன் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தான்.

"எழுதினது எங்க அப்பா. ஒட்டினது நான்" என்றாள் பென்சிலக்கா.

பருவக் கடைசியில் மாணவர்கள் வைக்கும் கண்காட்சிக்கு அந்த இரண்டு பக்கங்களையே தேர்ந்தெடுத்தார்கள். அழைப்பிதழிலேயே படம் போட்டுவிட்டார்கள். அது ஊரெல்லாம் சுற்றி அண்ணன் கைக்குப் போய்ச் சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை.

கண்காட்சிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, வகுப்பு நடக்கும்போதே வந்துவிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கேலிக்கூத்து என்னவென்றால், பழக்கதோஷத்தில் பென்சிலக்கா கை நீட்டி அவர் பேனாவைக் கேட்டாள். அவரும் கொடுத்துவிட்டார்.

"எரிச்சுட்டேன்னு சொன்னியேடி?"

"பொய் சொன்னேண்ணா."

"எங்க அது?"

பதிவேடு மேசைமேல் தாங்கியில் விரிந்திருந்தது. பக்கம் புரளாமலிருக்க வைக்கும், துணி சுற்றிய ஈயக் கட்டிகள் இரண்டு அதன்மேல் கிடந்தன. அண்ணன் பாய்ந்தார். பென்சிலக்கா குறுக்கே விழுந்து வலது கையை எண்பத்தெட்டின்மேல் விரித்து வைத்தாள்.

"கைய எடு."

"மாட்டேன்."

"கைய எடுடீ!"

ஈயக் கட்டியைத் தூக்கி அடித்தார். முதல் அடியில் எலும்பு முறிந்த சத்தம் மேசைக்கு அந்தப்பக்கம் கேட்டது. கை நகரவில்லை. இரண்டாவது அடியில் நகம் பெயர்ந்தது. ஒல்லிப்பெண் அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவளுடைய மணிக்கட்டை நாய் மாதிரிக் கடித்து உதறிவிட்டு, மூன்றாவது தரம் ஓங்கி இறக்கினார். அதற்குள் நாலைந்து பையன்கள் மேலே விழுந்து அவரைத் தரையோடு அமுக்கினார்கள். அவர் தலையை உயர்த்தித் தங்கையின் முகத்தில் காறித் துப்பினார். அவளோ கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்:

"ரத்தம் பட்டுடும், புத்தகத்த எடுங்கடா! புத்தகத்த எடுங்க!"

மாலையில் ஆஸ்பத்திரிக்குத் தலைமை நூலகர் வந்தார். நல்ல மனிதர்தான், யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டார். அந்த மாதிரி நல்லவர்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் விபத்து அறிக்கைப் படிவம் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒல்லிப்பெண் மணிக்கட்டில் கட்டுடன் உட்கார்ந்திருந்தாள்.

"குடும்ப விஷயம் பாருங்கம்மா. போலீஸு அது இதுன்னு போனா உங்களுக்கும் அசிங்கம், பல்கலைக்கழகத்துக்கும் அசிங்கம். ரெண்டே வரி, மாடிப்படியில வழுக்கி விழுந்ததா எழுதிடலாம். கண்காட்சியயும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம்." அவள் மனம் குளிரட்டும் என்று, சீவிய பென்சில் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார்.

பென்சிலக்கா அந்தப் பென்சிலை இடது கையால் ஒதுக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்:

"பென்சில் வேணாம் சார். அழிச்சுடுவீங்க. பேனா குடுங்க."

அவர் தயங்கினார். ஒல்லிப்பெண் எழுந்து வந்து தன்னுடைய பேனாவின் மூடியைத் திறந்து கொடுத்தாள். பென்சிலக்கா இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கோணல் எழுத்தில் எழுதினாள்: "என் அண்ணன் ஈயக் கட்டியால் மூன்று முறை அடித்தார். நான் வழுக்கி விழவில்லை. என் அம்மாவும் விழவில்லை. கைதி எண் 214-உம் விழவில்லை."

அண்ணன் உள்ளே போனார். கல்வெட்டு எந்தக் கொல்லையில் கிடக்கிறதோ தெரியாது. கண்காட்சி சொன்ன தேதியில் நடந்தது. படிவத்தின் பிரதி ஒன்று இப்போது அந்தப் பதிவேட்டின் பெட்டியிலேயே இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் புது மாணவர்கள் வந்து கேட்டால், அவர்களுடைய பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு, மடங்காத விரல்களாலேயே எடுத்துக் கொடுக்கிறாள்.