சோலார் பலகையில் ஒடியல்

பக்கத்து வீட்டு லார்ஸ் ஏணியில் நின்றபடி தன் கூரையிலுள்ள சோலார் பலகைகளில் பனி கூட்டுகிறார். முற்றம் கூட்டுபவர்களைக் கண்டிருக்கிறேன். வெயிலுக்காகக் கூரை கூட்டும் மனிதரை நோர்வேக்கு வந்துதான் கண்டேன். குளிர்காலத்து வெயிலோ எட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விடும். ஒருநாள் லார்ஸ் இறங்கி வந்து, "உன் ஊரில் வெயில் சும்மா கிடக்கிறதே, அங்கே ஏன் பலகை பூட்டவில்லை?" என்று கேட்டார். சதம் சதமாய்ச் சேர்க்கும் யாழ்ப்பாணத்தான், ரோசம் வந்தால் மட்டும் கணக்குப் பார்க்க மாட்டான். நானும் பார்க்கவில்லை.

அரியாலையில் எங்கள் வீட்டில் அக்கா தனியே இருக்கிறார். பலகை பூட்ட வந்தவர் மொட்டைமாடியில் நின்று வீடியோவில் என்னிடம் கேட்டார்.

"அண்ணை, ஒரு பிறிஜ், ஒரு ஃபான், ரெண்டு லைற். உதுக்கு ஏன் இவ்வளவு பலகை?"

"நான் வந்து இருக்கேக்கை ஏசி பூட்டுவன்."

"எப்ப வாறியள்? அதை வைச்சுத்தான் கட்டுப்படியாகுமோ எண்டு சொல்லலாம்."

லைன் கிளியர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. வருகிறேன், வருகிறேன் என்று சொல்லியே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பிள்ளைகள் இங்கே, மூட்டுவலி வைத்தியர் இங்கே. ஏசி போடப்போகும் அறை மட்டும் அங்கே.

பூட்டிய பின் கைத்தொலைபேசியில் ஒரு செயலி வந்தது. இங்கே காலைக் கோப்பி குடிக்கும் நேரம் அங்கே உச்சிவெயில். என் கூரையில் எவ்வளவு மின்சாரம் விளைகிறது என்று ஒரு கோடு ஏறிக் காட்டும். தை பிறந்ததும் அந்தக் கோடு மதியத்தில் படுக்கத் தொடங்கியது. பதறிப்போய் அழைத்தேன்.

"அக்கா, அங்கை மழையோ?"

"விசரோ உனக்கு? வெயில் கொளுத்துது."

"அப்ப ஏன் கறண்ட் குறையுது?"

"பனங்கிழங்கை அவிச்சுப் புழுக்கொடியலுக்குக் காயப்போட்டிருக்கிறன். உன்ரை பலகை நல்ல சூடு, மண்ணும் ஒட்டாது."

"ஐயோ அக்கா, அது வெயில் பிடிக்கிற பலகை!"

"நானும் அதுக்குத்தானே போட்டனான். கறண்டை உனக்குத் தபாலிலை அனுப்பேலுமே? ஒடியலை அனுப்பலாம். நீ வாற நாளைச் சொல்லு, அண்டைக்கே எடுத்துவிடுறன்."

நான் நாள் சொல்லவில்லை. ஒடியல் பொதிதான் வந்து சேர்ந்தது. பலகை கட்டுப்படியாகிறதா என்று லார்ஸ் கேட்டபோது ஒரு துண்டு கொடுத்தேன். கடித்தவர் பல்லைத் தடவிப் பார்த்தார்.

"இதுதானா உன் விளைச்சல்?"

"ஓம்" என்றேன், தமிழிலேயே.

இன்று காலை செயலியைப் பார்த்தேன். கோடு படுக்காமல் உச்சிவரை ஏறி நின்றது. ஒடியல் காலம் முடிந்துவிட்டது. இவ்வளவு நாளும் ஆசைப்பட்ட கோடுதான், ஆனால் அக்காவின் கைபட்ட பள்ளம் அதில் இல்லை; எனக்கு அழுகை வந்தது. வெளியே லார்ஸ் பனி கூட்டிக்கொண்டிருந்தார். நான் அக்காவை அழைத்தேன்.

"அக்கா, வெயில் முழுக்க வீணாப் போகுது. மோர்மிளகாய் ஒண்டும் காயப்போடேல்லையோ?"