பம்பருக்குக் கீழே தொங்கிய எலுமிச்சம்பழம்

விஜயவாடா ஆட்டோநகரில் கார் மெக்கானிக் கோட்டிலிங்கம் மேஸ்திரி வாயைத் திறந்தால் நாலு ஷெட்டுக்குக் கேட்கும். அந்த வாயால்தான் வினை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சாம்ராஜ்யம் என்ற அம்மாளின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மெக்கானிக்குகள் நெருக்கியடித்து நிற்கும் நேரமாகப் பார்த்து, ஓர் ஆக்சிஜன் சென்சாரை கவுன்டரில் விட்டெறிந்தார்.

"ரெண்டாவது தடவைம்மா! ரெண்டும் டூப்ளிகேட்டு. உங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இந்தக் கடையில ஒரிஜினல் கெடைச்சுது."

சாம்ராஜ்யம் சென்சாரைத் துடைத்து டப்பாவில் வைத்தாள். புருஷன் போன பிறகு ஆறு வருஷமாக ஒற்றை ஆளாகக் கட்டிக் காத்த கடை. சனிக்கிழமைக்குள் பத்து மணிக் கூட்டம் பாதியாகிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். தஸ்தகிரி ஓட்டும் டாக்ஸியில் என்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால், ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றது. புகைக்குழாயில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சென்சார் சீக்கிரம் சூடேற உள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர் உண்டு. சூடேறாவிட்டால் வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். கோட்டிலிங்கம் சென்சாரை மாற்றினார். விளக்கு எரிந்தது. இன்னொன்று மாற்றினார். அப்போதும் எரிந்தது. ஒயரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் ஆயிற்றே, எப்படித் தோன்றும்?

திங்களன்று வேறு கடையில் வாங்கிய மூன்றாவது சென்சாருக்கும் அதே விளக்கு எரிந்தபோதுதான் மீட்டரை எடுத்து ஹீட்டரை அளந்தார். நன்றாக இருந்தது. முதலில் கழற்றிப் போட்ட பழையதையும் அளந்தார். அதுவும் நன்றாகவே இருந்தது. சாவியைப் போட்டு, சென்சாருக்கு வரும் ஒயரில் டெஸ்ட் லாம்ப்பை வைத்தார். எரியவில்லை. ஃபியூஸ் போயிருந்தது. புதிதாகப் போட்டதும் பட்டென்று போனது. எங்கேயோ ஒயர் இரும்பைத் தொடுகிறது என்று டார்ச்சோடு வண்டிக்கடியில் படுத்தார்.

பம்பருக்குக் கீழே காய்ந்து கறுத்த எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும் தொங்கின. பெரிய வேலை பார்த்த வண்டியைத் திருஷ்டி கட்டாமல் அவர் வெளியே விடுவதில்லை. மற்றவர்கள் நூலில் கட்டுவார்கள். நூல் அறுந்துவிடும் என்று இவர் இரும்புக் கம்பியில் கட்டி, மூன்று முறுக்கு முறுக்குவார். போன மாதம் கிளட்ச் மாற்றியபோது கட்டியது அது. கம்பியை வளைத்து இழுத்ததில் சென்சார் ஒயரும் உள்ளே மாட்டியிருக்கிறது. வண்டி அதிர அதிர, கம்பி ஒயரின் தோலை அறுத்துச் செம்பில் போய் உட்கார்ந்திருந்தது. அவருடைய மூன்று முறுக்கு அப்படியே இருந்தது.

"என்னாச்சு மேஸ்திரி? எலி கடிச்சிருச்சா?" தஸ்தகிரி குனிந்து கேட்டான்.

"ஆமா, எலிதான்."

வாய் முந்திக்கொண்டது. காது மடல் சுட்டது. கம்பியை வெட்டியெடுத்தார், ஒயரை ஒட்டி டேப் சுற்றினார், ஃபியூஸைப் போட்டார். என்ஜின் விளக்கு அணைந்தது.

"எலி கடிச்சாலும் அந்தம்மா சரக்கு டூப்ளிகேட்டுதானே? நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று தஸ்தகிரி பெருமையாகச் சொன்னான்.

கோட்டிலிங்கம் கம்பியையும் பழத்தையும் ஒரு துணியில் சுற்றி எடுத்து வைத்தார். மத்தியானம் கோங்கூராக் கீரையைப் பிசைந்த சோற்றைப் பாதியில் மூடி வைத்தார். அவமானத்தில் உடம்பு கூசியது. கடையில் ஆளில்லாத மூன்று மணியாகப் பார்த்துப் போனார். அப்படிப் பார்த்துப் போவதற்கும் வெட்கமாகத்தான் இருந்தது. கம்பியோடு எலுமிச்சம்பழத்தைக் கவுன்டரில் வைத்து, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார்.

சாம்ராஜ்யம் கம்பியின் முறுக்கைப் பார்த்தாள்.

"பத்து மணிக்குக் கத்துனீங்க. மூணு மணிக்கு வந்து முணுமுணுக்குறீங்க."

"தப்புதாம்மா. மன்னிச்சிருங்க."

"நான் மன்னிச்சா கூட்டம் திரும்பி வந்துருமா?" பழத்தை அவர் பக்கம் தள்ளினாள். "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. இதையும் எடுத்துட்டு வாங்க."

மறுநாள் போனார். கவுன்டரில் ஏழெட்டுப் பேர்தான் நின்றார்கள். ஹெட்லைட் பல்பு வாங்க வந்த தஸ்தகிரியும் அதில் இருந்தான். கோட்டிலிங்கம் சொல்லத் தொடங்கினார். நாலு ஷெட்டுக்குக் கேட்கும் குரல் உதட்டைத் தாண்டவில்லை.

"கேக்கல மேஸ்திரி" என்றாள் சாம்ராஜ்யம்.

அவர் பழத்தைத் தூக்கிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்.

"எலி இல்ல! நான் கட்டுனது! அம்மா குடுத்தது ரெண்டும் ஒரிஜினல்!"