முன் சீட்டுக்காரர் தப்பாகச் சொன்னவை

இன்று உசிலம்பட்டியிலிருந்து மதுரை வரும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பேச்சுக் கொடுத்தார்.

"எழுமலைப் புள்ள போல."

"இல்லைங்கய்யா, பொறந்தது உசிலம்பட்டி."

"டீச்சர் வேலையாக்கும்."

"இல்ல, லேப்ல இருக்கேன்."

"வீட்டுக்காரரு பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருவாரு."

"அவரு துபாய்ல இருக்காரு. இங்க நானும் மகளுந்தான்."

பிறகு, பெரியவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன்.

"உளவுத்துறை. ரிட்டயர்டு ஆயிட்டேன். பஸ்ஸு, டீக்கடைன்னு உக்காந்திருப்போம். யாரையும் எதுவும் கேக்க மாட்டோம். தப்பா ஒண்ணச் சொல்லுவோம். நம்ம சனம் பொறுக்காது, தானாத் திருத்திச் சொல்லிரும்."

வீட்டில் ஆம்பளை இல்லை என்பது வரை சொல்லியாகிவிட்டது. அவர் ரிட்டயர்டு என்பதற்கோ அவர் வாய் மட்டும்தான் சாட்சி.

அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை.

ஆரப்பாளையத்தில் இறங்கியதும் கை காட்டினார். "கோரிப்பாளையம் பஸ்ஸு அந்தா நிக்குதும்மா."

"இல்லைங்கய்யா, எனக்குச் செல்லூரு."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வீட்டுக்குப் போகப் பயந்து, மகளையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதில் ஏதாவது தப்பாக இருந்தால், தயவுசெய்து கமெண்டில் யாரும் திருத்த வேண்டாம்.