ஏரி மேல் கார் ஓடும் ஊர்

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். விரல்களில் முந்திரிக்கொட்டைப் பால் பட்டுப் பொசுங்கிய தழும்புகள். சித்திரை வெயிலுக்கு நான் ஜன்னல் ஷட்டரை இறக்கும்போதெல்லாம் அவர் அதை மேலே ஏற்றினார்.

கனடாவிலிருந்து அவர் மகன் போனில் கத்தியது எனக்கே கேட்டது.

"முந்திரிக்காட்ட வித்துட்டு இங்க வந்துடும்மா. அந்த வெயில்ல நீ செத்துடுவ."

"செத்தா இங்கயே சாவறேன். கையெழுத்து மட்டும் போட மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார்.

போன குளிர்காலம் முழுக்க மகனிடம் இருந்துவிட்டு வந்தவராம்.

"அங்கே குளிர் ரொம்ப அதிகமோ?" என்று கேட்டேன்.

"ஏரி மேல காரு ஓட்டுறாங்க சார். தண்ணி கல்லாட்டம் கெடக்கு. நாலு மணிக்கே இருட்டிடும். இங்க ஏரியில தண்ணியே இல்ல, அதுவும் நெசந்தான்."

"குளிர் பொறுக்காமல் வந்துவிட்டீர்களா?"

"குளிரப் பொறுத்துக்குவேன். வழுக்கிடும், வெறைச்சிடும்னு வூட்டுக்குள்ளயே வச்சிருந்தான் சார். வாசலத் தாண்டணும்னாலும் அவனைக் கேக்கணும். இங்க எந்த வெயில்லயும் யாரையும் கேக்காம என் காட்டுக்குப் போவேன்."

உடையார்பாளையம் தாண்டி, நிழலே இல்லாத ஓரிடத்தில் இறங்கினார். என் குடையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, செம்மண் பாதையில் விறுவிறுவென்று நடந்தார்.

மகனின் பயம் பொய்யில்லை. அந்த வெயிலில் ஆட்கள் சுருண்டு விழுவதை நானே பார்த்திருக்கிறேன். இருந்தும் "போகாதீங்கம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.