நாலு நாள் கழற்றி வைத்த வயர்

டிரான்ஸ்பார்மருக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. இரும்புத் தொட்டி. உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் காயில், கம்பிச் சுருள். மூடி போட்டு போல்ட் முடுக்கியிருக்கும். நான் எட்டாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உள்ளே எங்காவது கருகினால் எண்ணெய் வாயுவாகும். வாயு மேலே ஏறும். தொட்டிக்கும் அதன் தலைமேல் இருக்கும் எண்ணெய் டிரம்முக்கும் நடுவில் ஒரு குழாய். அந்தக் குழாயில் ஒரு ரிலே, கண்ணாடி சன்னல் வைத்தது, உள்ளே இரண்டு மிதவை. வாயு அதில் தேங்கினால் மேல் மிதவை இறங்கும், பேனல் ரூமில் மணி அடிக்கும். அது எச்சரிக்கை. உள்ளே பெரிதாக ஏதாவது வெடித்தால் எண்ணெய் ஒரேயடியாகப் பாய்ந்து கீழ் மிதவையைத் தள்ளும். அங்கிருந்து போகும் ட்ரிப் வயர் வழியாக பிரேக்கர் விழும், கரண்ட் நின்றுவிடும். ஆள் ஓடிப்போய் நிறுத்துவதற்கு நேரம் இருக்காது. அதற்காகத்தான் அந்த ரிலே.

வேலம்பாளையம் தாண்டி ஒரு டையிங் யூனிட்டில் நான் எலக்ட்ரீசியன். என் மனைவி அங்கேயே துணி செக்கிங்கில் இருக்கிறாள். செக்கிங் பெண்கள் எட்டுப் பேரும் மத்தியானம் டிரான்ஸ்பார்மர் யார்டின் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே ஒரு வேப்பமரம். அந்த காம்பவுண்டில் நிழல் என்று வேறு இல்லை.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெயை வடிகட்டினோம். வடிகட்டினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் அது மெல்ல வெளியே வந்து ரிலேயில் தேங்கும். ரிலேயின் தலையில் இருக்கும் திருகைத் திறந்துவிட்டால் புஸ்ஸென்று போகும், எண்ணெய் எட்டிப்பார்த்ததும் மூடிவிட வேண்டும். திங்கட்கிழமை காற்று அதிகமாக வந்து கீழ் மிதவையும் இறங்கிவிட்டது. கரண்ட் போனது. எங்கள் ஜெனரேட்டர் பாய்லருக்கும் லைட்டுக்கும் மட்டும்தான் தாங்கும். மிஷினில் இருந்த துணி திட்டுத்திட்டாகச் சாயம் ஏறி வீணானது.

டையிங் மாஸ்டர் தேனிப் பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் சின்னவர்.

"அண்ணே, இன்னொரு லாட்டு போச்சுன்னா மொதலாளி என்னையத் தூக்கி மிஷின்ல போட்டு சாயம் ஏத்திருவாரு. அந்த ட்ரிப் வயரக் கழட்டி விடுங்கண்ணே. காத்து அடங்குற வரைக்கும்தான?"

"மணி அடிச்சா?"

"மணி அடிச்சா அடிக்கட்டும். நீங்க போயி காத்தத் தொறந்து விடுங்க. எல்லா டையிங்லயும் இப்படித்தான் ஓட்டுறானுங்க."

உண்மைதான். சாயம் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்டை நிறுத்துகிற எதையும் இங்கே யாருக்கும் பிடிக்காது. நானே வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். பேனலைத் திறந்து ட்ரிப் வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றி மடக்கி வைத்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை.

செவ்வாய் மணி ஒருமுறை அடித்தது. புதன் இரண்டு முறை. வியாழன் நாலு. ஒவ்வொரு முறையும் ஏணி வைத்து ஏறித் திறந்துவிட்டு இறங்கினேன். காற்று என்றால் நாளுக்கு நாள் குறைய வேண்டும். இது கூடிக்கொண்டு போனது. எண்ணத் தெரிந்தவனுக்கு இது போதும். எனக்கும் எண்ணத் தெரியும். காற்றுதான் என்று மனதில் எழுதிக்கொண்டவன் எண்ணிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மூன்று முறை அடித்துவிட்டது. மூன்றாவது முறை திறந்தபோது ஒரு வாடை வந்தது. கருகிய காகித வாடை. தீப்பெட்டி எடுத்துக் குச்சியைக் கிழித்து, வருகிற காற்றில் காட்டினேன். இதைத் திங்கட்கிழமையிலிருந்தே ஒவ்வொரு முறையும் செய்திருக்க வேண்டும். காற்றென்றால் ஒன்றும் ஆகாது.

பிடித்துக்கொண்டது. நீலமாக ஒரு விரல் நீளத்துக்கு நின்று எரிந்தது. திருகை மூடினேன்.

மாஸ்டரிடம் ஓடினேன்.

"மாஸ்டர், நிறுத்தோணுங்க. உள்ள கருகுது. வாயு பத்திக்கிச்சு."

"அண்ணே, மூணு மிஷின்லயும் சாயம் புடிக்க உப்புப் போட்டு சோடா ஓடுது. அரை மணி நேரம் குடுங்கண்ணே. நாலு நாளு ஓடுனது அரை மணி ஓடாதா?"

அப்போதே போய் பிரேக்கரை இறக்கியிருக்க வேண்டும். அரை மணி நேரம் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. பேனலுக்குப் போனேன். டேப்பைப் பிரித்து வயரை அதன் இடத்தில் முடுக்கினேன். இதை அவரிடம் சொல்லவில்லை. பிறகு யார்டுக்குப் போனேன்.

சாப்பாட்டு நேரம். எட்டுப் பேரும் வேலியோரம் உட்கார்ந்து பாக்ஸைத் திறந்துவிட்டார்கள்.

"எந்திரிங்க. எல்லாரும் அக்கட்டால போங்க."

"ஏனுங்ண்ணா, நெழல்ல உக்காந்தா கரண்டு பில்லு ஏறுமுங்களா?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"எந்திரிங்கன்னா எந்திரிங்க!"

நான் சத்தம் போட்டு அவர்கள் பார்த்ததில்லை. என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஊட்ல ஏதாச்சும் சண்டையா புள்ள?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். மனைவி பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தாள். மற்றவர்களும் முனகிக்கொண்டே பின்னால் போனார்கள்.

அவர்கள் பாய்லர் ரூமைத் தாண்டியிருப்பார்கள். தொட்டிக்குள் திம்மென்று ஒரு சத்தம். பாறையைக் கிணற்றில் போட்டது மாதிரி. கூடவே பேனலில் பிரேக்கர் விழும் சத்தம். கம்பெனி முழுக்க அடங்கியது. தொட்டியின் பக்கம் லேசாக உப்பியிருந்தது. மூடி நின்றது. எண்ணெய் ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

ரிப்பேர்காரர் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு இணைப்பு உருகி, பக்கத்துக் காயில் கரியாகியிருந்தது.

"ட்ரிப் ஆகலீன்னா மூடி பறந்திருக்குமுங்க. கொதிக்கிற எண்ணெய் அந்த மரத்தடி வரைக்கும் வந்திருக்கும்" என்று முதலாளியிடம் சொன்னார்.

முதலாளி என் தோளைத் தட்டினார். "ரிலேயை ஒழுங்கா வெச்சிருந்தீங்க பாருங்க, அதுதான் காப்பாத்துச்சு."

மாஸ்டர் பக்கத்தில் நின்றார். தரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அன்றைக்குப் பொழுதோட, விளக்கு வைக்கும் நேரத்தில், வீட்டில் மனைவி கேட்டாள். "அத்தன பேருக்கு முன்னால எதுக்குங்க அப்பிடி வெரட்டுனீங்க?"

சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

"எத்தன நாளுங்க வயரு இல்லாம கெடந்துச்சு?"

"நாலு நாளு."

"நாலு நாளும் அங்கதான உக்காந்து தின்னோம்."

"ஆமா."

அவள் எழுந்துபோய் சாப்பாட்டு பாக்ஸைக் கழுவினாள்.

மூன்றாம் நாள் வாடகைக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கியது. ட்ரிப் வயரை நானே முடுக்கினேன், இரண்டு முறை சோதித்தேன். மத்தியானம் பார்த்தால் மரத்தடியில் யாரும் இல்லை. பெண்கள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்குள் கண்ணாடிவிரியன் இருக்கிறது, அதற்குத்தான் அன்றைக்கு அவர் விரட்டினார் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

"எதுக்கு அப்பிடிச் சொன்னே? இப்பத்தான் வயரு சரியா இருக்குதே."

"அன்னைக்கும் சரியா இருக்குதுன்னுதானுங்க நான் நெனச்சேன்" என்றாள்.

அவர்கள் இன்னமும் தகரத்துக்கு அடியில் வேர்த்து ஒழுகிக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி கேட்பாள், "ஏனுங்ண்ணா, பாம்பு போயிருச்சுங்களா?" என்று. என் மனைவி தலையைத் தூக்க மாட்டாள்.

இன்னும் போகவில்லை என்று சொல்லிவிட்டு நடப்பேன்.