வெட்டிவேர் வாசனையும் அக்காவின் மூக்கும்

அக்காவின் கணவரை நாங்கள் பாவா என்போம். அவர் குவைத்திலிருந்து வந்து இறங்கிய அன்றே அக்கா நிபந்தனையைச் சொல்லிவிட்டாள். பிரசவத்துக்காக அவள் திருத்தணியில் எங்கள் வீட்டில் இருந்தாள்; நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் சாய்ந்து இட்லி சாப்பிட்டபடி, குரலை உயர்த்தாமல் கணவரிடம் சொன்னாள்.

"சிகரெட் வாசன உங்க மேல வந்துச்சின்னா கொழந்தைய தொட உட மாட்டேன். சொல்லிட்டேன்."

பாவா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் அவசரமாகச் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார். மின் சிகரெட்.

"நான்தான் அத உட்டுட்டு இதுக்கு மாறிட்டேனே. இதுல பொகையே இல்ல. வெறும் ஆவி. இந்த இட்லி பானையில வருதில்ல, அந்த மாதிரி."

மாறியது உண்மைதான். ஆனால் அவர் கொண்டுவந்திருந்த திரவம் மாம்பழ வாசனை. கர்ப்பத்தில் அக்காவின் மூக்கு எங்கள் கம்பெனி ஆய்வகத்தில் உள்ள எந்த இயந்திரத்தையும்விடக் கூர்மையாகிவிட்டது. எதிர் வீட்டில் தாளித்தால் என்ன எண்ணெய் என்று இங்கிருந்தே சொல்வாள். மாம்பழ ஆவியின் முதல் இழுப்புக்கே இட்லி முழுவதும் வெளியே வந்துவிட்டது. போதாததற்கு அந்தப் புட்டியும் தீரும் நிலையில் இருந்தது. இந்தச் சாமானை விற்பதற்கே நம் நாட்டில் தடை. எந்தக் கடையிலும் போய்க் கேட்க முடியாது.

நான் உணவு வேதியியல் படித்துவிட்டு ஒரு பிஸ்கட் கம்பெனியின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பாவா என்னை மாடிக்குக் கூப்பிட்டார்.

"மச்சினி, நீதானே அங்க ஏலக்கா எசென்ஸு, ரோஸ் எசென்ஸுன்னு பாத்துகினு கீற. எனக்கு ஒண்ணு செஞ்சி குடேன்."

"சாப்புடறதுக்கு நல்லதா கீறது எல்லாம் மூச்சுல இழுக்க நல்லது கெடையாது, பாவா."

"சரி, உடு. நான் கே.ஜி.கண்டிகை டீக்கடையில நின்னு பழையபடி ஊதறேன்."

இது கோரிக்கை இல்லை, மிரட்டல். நானும் பதிலுக்கு நிபந்தனைகளை அடுக்கினேன். நிகோடின் கிடையாது. எண்ணெய்ப் பசை கூடாது, நுரையீரலுக்கு ஆகாது. சர்க்கரை கூடாது, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும். குழந்தை பிறந்ததும் இந்தப் பேனாவையும் தூக்கிப் போட வேண்டும். விசா வாங்கும் இடத்தில் தலையாட்டுவதுபோல் பாவா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கிளிசரின் வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் புட்டிகளைப் பையில் போட்டபடி கேட்டார்.

"இவ்ளோ எதுக்கும்மா? கால் வெடிப்பா?"

"ஆங்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

செய்முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வாசனைப் பொருளை இடித்துக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, கிளிசரின் ஊற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து, சில நாள் ஊறவிட்டு வடிகட்ட வேண்டும். கஷ்டம் அதற்கப்புறம்தான். பாவாவின் தொண்டையும் அக்காவின் மூக்கும் ஒன்றாகச் சம்மதிக்க வேண்டும்.

முதலில் ஏலக்காய். பாவாவுக்குப் பிடித்துவிட்டது. அக்கா உள் அறையிலிருந்து எழுந்து வந்து, "பாயசம் எங்க?" என்றாள். பாயசம் இல்லை, வெறும் ஆவி என்றதும் கண் கலங்கிவிட்டது. அம்மா உடனே சேமியா வறுக்க வேண்டியதாயிற்று. அடுத்து கிராம்பு. பாவா இழுத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "பல்லு புடுங்குற டாக்டரு வாய்க்குள்ள ஒக்காந்துகினு கீற மாதிரி கீது." வெற்றிலையும் சோம்பும் சேர்த்துச் செய்தேன். அதில் எனக்கே கொஞ்சம் பெருமை இருந்தது. அக்கா ஒரே வரியில் தீர்ப்பெழுதினாள்: "கல்யாணம் முடிஞ்சி மண்டபம் கழுவுற வாசன."

காப்பிக்கொட்டையை வடிகட்டும்போது காகித வடிகட்டி தீர்ந்துபோனது. அம்மா புதுத்துணி ஒன்றில் கொஞ்சம் கிழித்துக் கொடுத்தாள். பொதட்டூர்பேட்டையில் பாவாவுக்காக வாங்கி வைத்திருந்த லுங்கி அது என்பது, திரவம் நீல நிறத்தில் சொட்டியபோதுதான் தெரிந்தது. பாவா நீலத்துக்கு வருத்தப்படவில்லை. லுங்கியை விரித்துப் பிடித்து, அதன் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

கடைசியில் வெட்டிவேர் வென்றது. பாவா, "மண்பானை தண்ணி குடிக்கிற மாதிரி ஜில்லுன்னு கீது," என்றார். அக்கா வாசலில் நின்று முகர்ந்தாள். இன்னொரு முறை முகர்ந்தாள். "இது பரவால்ல," என்றாள். எங்கள் ஆய்வகத்தில் ஒரு புது பிஸ்கட் தேர்வாகும்போதுகூட நான் இவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை. பெரிய புட்டி நிறையச் செய்து, பெயர் எழுதி ஒட்டிக் கொடுத்தேன்.

சமையலறையில் இடம் இல்லை என்று அம்மா அந்தப் புட்டியைச் சாமி அலமாரியில் வைத்தாள். எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. வாசனை அந்த இடத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் அம்மா மலைக்கோயிலுக்குப் போய்வந்தாள். எங்கள் மலைச் சந்தனத்தை நாங்கள் நெற்றியில் இட்டு வீணாக்குவதில்லை. தண்ணீரில் கரைத்துக் குடிப்போம். வயிற்று வலியிலிருந்து பரீட்சை பயம் வரைக்கும் அதுதான் மருந்து.

மறுநாள் காலையில் பாவா பேனாவை நிரப்பி ஒரு இழுப்பு இழுத்தார். உர்ரென்று ஒரு சத்தம். கூடத்தில் திடீரென்று கோயில் திறந்துவிட்ட மாதிரி வாசனை. இரண்டாவது இழுப்பில் அந்தக் கோயில் தீப்பிடித்துக்கொண்டது. பாவா இருமிய இருமலில் கண்ணீர் வந்துவிட்டது. அக்கா உள்ளிருந்து கத்தினாள்.

"யாரு அங்க பூஜ பண்றது? இன்னாத்த போட்டு கொளுத்தறீங்க?"

நான் கருவியைப் பிரித்தேன். சுருள் முழுவதும் மஞ்சளாக அப்பிக் கருகியிருந்தது. புட்டியின் அடியிலும் அதே மஞ்சள் படிந்திருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அம்மா மறைக்க முயலவில்லை.

"சாமி சந்தனம்தான். கொஞ்சூண்டு கலக்கி வெச்சேன். குடிச்சாலே நோவு போயிடுது. இழுத்தா இன்னும் சீக்கிரமா போவாதா? மாப்ளைக்கு இந்தப் பழக்கமே போவட்டுமேன்னுதான்."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் கல்லூரியில் பாடம் எதுவும் வைக்கவில்லை.

மாற்றுச் சுருள் இங்கே கிடைக்காது. பேனா செத்துப்போனது. பாவா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எந்தப் பக்கம் போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "போவட்டும். வரட்டும். மூக்கு எங்கிட்டதானே கீது," என்றாள். ஆனால் அன்று அவள் இட்லியைத் தொடவில்லை.

வெயில் ஏறியபின் பாவா திரும்பினார். அக்கா பக்கத்தில் வரச் சொல்லி முகர்ந்தாள். டீ வாசனை. பஜ்ஜி வாசனை. வேறு ஒன்றும் இல்லை. அவர் பையிலிருந்து பற்றவைக்காத ஒரு சிகரெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வாங்கிட்டேன். வாயிலயும் வெச்சிட்டேன். உள்ள சாமி சந்தனம் கீதே, அது மேல எப்டி பொகைய உடறது? கையே வரல." பிறகு அம்மாவிடம் திரும்பினார். "அத்த, அது எத்தினி நாளைக்கி உள்ள இருக்கும்?"

அம்மா யோசிக்கவேயில்லை. "கொழந்தைக்கி மலையில மொட்ட போடற வரைக்கும்."

பாவா மனதுக்குள் மாதங்களை எண்ணுவது முகத்தில் தெரிந்தது. நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார்.

"மச்சினி, நீ படிச்சவ. உண்மைய சொல்லு. சந்தனம் ஒடம்புல எவ்ளோ நாளு தங்கும்?"

அக்காவும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மதிக்கிறேன்.

"அத யாரும் டெஸ்ட் பண்ணி நான் பாத்ததில்ல, பாவா," என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவர் அந்த நாட்களை எப்படிக் கடத்தினார் என்பது வேறு கதை. சோம்பு மென்றார், எங்கள் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டார், அம்மாவோடு சண்டை போட்டார், சமாதானமானார். டீக்கடைப் பக்கம் போனால் திரும்பும்போது தானாகவே அக்காவிடம் வந்து நின்றார்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் அக்கா அவரைக் கிட்டே கூப்பிட்டாள். சட்டையை முகர்ந்தாள், விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தாள், வாயைத் திறந்து ஊதச் சொன்னாள். பக்கத்தில் குழந்தையோடு நின்ற நர்ஸுக்குக் கை வலித்திருக்க வேண்டும்.

"இன்னாம்மா இது, வீட்டுக்காரர சந்தையில வாங்கிகினு போற மாதிரி பாக்கற?"

"குடுங்க சிஸ்டர், அவர்கிட்டயே குடுங்க," என்றாள் அக்கா.

பாவா குழந்தையை வாங்கி, ஆடாமல் அசையாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்தது. காது சிவந்தது. நான் பயந்துபோய் அக்காவின் தோளைத் தொட்டேன்.

"மூச்ச உடுங்க," என்றாள் அக்கா. "நான்தான் பாத்துட்டேனே. உடுங்க."