சூடு தெரியாத விரல்

நாற்பத்தெட்டு வயதில் கிதார் கற்றுக்கொள்ள ஆரம்பித்தால் எங்கள் ஊரில் கிடைக்கும் முதல் பாராட்டு, "வேற சோலி இல்லையாக்கும்?" என்பதுதான். சோலி இருக்கத்தான் செய்தது. சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகப் போர்மேன். காலையில் கலந்து வரும் மருந்துத் தட்டை நான் பார்த்து, தொட்டு, சரி என்று தலையாட்டிய பிறகுதான் பெண்கள் அதைப் பூச்சட்டி என்கிற புஸ்வாணக் குழாய்களில் அடைக்க உட்காருவார்கள். ஒரு ரூமுக்கு நான்கு பேர். அந்த நான்கு பேரும் என் தலையாட்டலை நம்பித்தான் உள்ளே இருந்தார்கள்.

கிதார் மகளுடையது. சர்ச் பாடகர் குழுவில் வாசிக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவள், நர்சிங் முடித்துக் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்குப் போகும்போது அதை பீரோ மேலேயே விட்டுவிட்டுப் போனாள். இரண்டு வருடம் தூசி குடித்துக்கொண்டு கிடந்தது. ஒருநாள் போனில் எதையோ தேடப்போய் ஒரு வீடியோ எதிரே வந்தது. அமெரிக்காவில் எங்கேயோ ஒரு கறுப்பினப் பெரியவர், மர நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே கம்பியை விரலால் தள்ளித் தள்ளி வாசித்துக்கொண்டிருந்தார். பாட்டில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் அந்தக் கம்பி, போய்ச் சேர வேண்டிய சுரத்துக்குப் போகாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்று முனகியது. மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். இதற்குப் பெயர் ப்ளூஸ் என்று கீழே போட்டிருந்தது. கற்றுக்கொண்டால் இதைத்தான் என்று பீரோ மேலிருந்த பெட்டியை இறக்கினேன்.

சர்ச்சில் பாடும் கீர்த்தனையை வாசிக்கக் கற்றிருந்தால் மனைவியாவது சந்தோஷப்பட்டிருப்பாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் வாசிப்பது பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக்கட்டு கொண்ட ஒரு சுற்று. முடிகிற இடத்திலிருந்து மறுபடி முதலுக்கே போகும். சமையலறையில் இருந்து ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"ஒரே பாட்ட எத்தன தடவங்க ஆரம்பிப்பீக? முடிக்கவே மாட்டீகளா?"

"இது அப்படித்தான். சுத்திச் சுத்தி வரும்."

"எங்க கிளாஸ்ல கடைசி பெஞ்சுல ஒருத்தன் இருக்கான். அவனும் இப்படித்தான், ஏழாம் வாய்ப்பாட்டுல பாதிக்கு மேல போக மாட்டான்."

கம்பெனி விட்டு வந்ததும் பின்பக்கம் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். எவ்வளவு தேய்த்தாலும் நக இடுக்கில் அலுமினியப் பவுடர் மினுங்கும். ஒரு டீ. அப்புறம் ஐந்தரையிலிருந்து ஏழு மணி ஜெபம் வரைக்கும் கிதார். ஒரு நாளில் என் வயிறு இறுகாமல் இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான்.

ப்ளூஸுக்கு உயிர் கம்பியை வளைப்பதில் இருக்கிறது. அழுத்திய விரலை எடுக்காமல் கம்பியோடு சேர்த்து மேலே தள்ள வேண்டும். எனக்கு அது ஏழெட்டு மாதம் வரவே இல்லை. விரலில் பலம் இல்லாமல் இல்லை. விரல் மறுத்தது. எங்கள் தொழிலில் புது ஆளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே இழுக்காதே, தேய்க்காதே, தட்டாதே என்பதுதான். எந்தப் பொருளையும் தூக்கி, மெதுவாக இறக்கி வைக்க வேண்டும். உரசல்தான் எமன். இருபத்திரண்டு வருடம் இதையே ஊருக்கு உபதேசம் செய்த கை, இரும்புக் கம்பியை மரத்தில் வைத்துத் தேய்க்கச் சொன்னால் எப்படித் தேய்க்கும்? தள்ளப் போகும்போதெல்லாம் மணிக்கட்டு தானாக நின்றுவிடும். வீட்டுக்குள் சேரை இழுத்துப் போட்டால்கூட எழுந்து நிற்கிறவன் நான்.

ஆனாலும் விடவில்லை. விரல் நுனி முதலில் கொப்பளித்தது, பிறகு உரிந்தது, பிறகு காய்த்தது. நான்கு விரலிலும் தோல் பருப்பு மாதிரி தடித்து, கம்பி அழுத்தினால் வலிக்காமல் போனது. எனக்கு ஏகப்பட்ட பெருமை. பஸ்ஸில் போகும்போது கட்டைவிரலால் அந்தக் காய்ப்பைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். அப்போதுதான் கம்பியும் வளைய ஆரம்பித்தது. ஒருநாள் சாயங்காலம் அது நான் நினைத்த இடத்தில் நின்று முனகியபோது, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இடக்கைக்காரன். சாப்பிடுவதைத் தவிர மற்ற எல்லாம் இடது கைதான். கிதார் வலக்கைக்காரருக்குக் கட்டியது. அதனால் கம்பியை அழுத்துகிற வேலை இடது கைக்கு வந்தது. மருந்துத் தட்டைத் தொட்டுப் பார்ப்பதும் அதே இடது கைதான், அதே நான்கு விரல் நுனிதான். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை. காய்ப்பைத் தடவித் தடவிச் சந்தோஷப்பட்ட மடையனுக்கு எப்படித் தோன்றும்?

தட்டை எதற்குத் தொட வேண்டும் என்றால், மருந்தில் ஈரம் சேர்ந்தால் அது தானாகச் சூடேறும். தீ வைக்க வேண்டாம், உரச வேண்டாம். சும்மா இருந்தபடியே உள்ளுக்குள் சூடாகிக்கொண்டே போய் ஒரு நேரத்தில் பற்றிக்கொள்ளும். ஆரம்பச் சூடு கண்ணுக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் மழை பெய்திருந்தது. காலையில் வெயில் இல்லை, காற்று கசகசவென்று இருந்தது. மூன்றாம் நம்பர் ரூமில் தட்டின் அடியில் விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தலையாட்டினேன். நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். நான் அடுத்த ரூமுக்குப் போகத் திரும்பியபோது, அவர்களில் ஒருவர் தட்டில் கை வைத்துவிட்டு எழுந்து நின்றார். பத்து வருடமாக அங்கே வேலை பார்ப்பவர். அதிகம் பேசாதவர்.

"சூடா இருக்கு அண்ணாச்சி."

மறுபடி தொட்டேன். "ஒண்ணுமில்லம்மா. உக்காருங்க."

"இல்ல அண்ணாச்சி, சூடா இருக்கு." மற்ற மூவரிடமும், "எந்திரிங்க, வெளிய போவோம்" என்றார். நால்வரும் வெளியேறி வேலியோரம் போய் நின்றுவிட்டார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருபத்திரண்டு வருட போர்மேன் சரி என்று சொன்ன பிறகு ஒருத்தர் எழுந்து போவதா? வாசலில் நின்றபடியே கத்தினேன்.

"யாரு எந்திரிக்கச் சொன்னது? நான் தொட்டுப் பாத்துத்தான சொல்றேன்? என் பேச்சு கேக்காதவுக நாளையில இருந்து வர வேண்டாம்!"

அவர் அசையவில்லை. மற்ற மூவரும் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தர் திரும்பி ரூமைப் பார்த்து இரண்டடி எடுத்து வைத்தும்விட்டார். அப்போதுதான் எனக்கு அந்த நெடி வந்தது. மருந்து கெட்டுச் சூடேறினால் வரும் நவச்சார நெடி. உள்ளே போய்க் குனிந்து முன்கையைத் தட்டின் அருகே கொண்டுபோனேன். அடுப்புப் பக்கம் நீட்டியது போல அனல் அடித்தது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. வேலியை எட்டுவதற்குள் பின்னால் புஸ்ஸென்று பெரிதாக ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது ரூமுக்குள் வெள்ளை வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. பிறகு கூரை போனது.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மொதலாளி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "ஆளு எல்லாம் எப்படி வெளிய வந்தாக?" என்று கேட்டார்.

"நான்தான் போகச் சொன்னேன்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் அதுதான் வந்தது. மொதலாளி என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உங்க கை கடவுள் குடுத்த கை" என்றார். வேலியோரம் நின்ற மூன்று பெண்களும் தரையைப் பார்த்தார்கள். எழுந்து போகச் சொன்னவர் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்துவிட்டார்.

வீட்டில் மனைவி டீ கொடுத்தாள். டம்ளரை இடது கையில் வாங்கினேன். வலது கைக்கு மாற்றினேன், சுட்டது. மறுபடி இடது கைக்கு மாற்றினேன். சுடவில்லை. நான்கைந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். மனைவி என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அதற்குப் பிறகு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கிதாரை எடுத்து வாசித்தேன்.

கம்பெனி பத்து நாள் மூடிக் கிடந்தது. அந்தப் பத்து நாளும் காலையும் மாலையும் வாசித்தேன். கண்ணை மூடினால் ரூமை நோக்கி இரண்டடி வைத்த அந்தப் பெண்ணின் கால் வந்து நிற்கும். வாசிக்கும்போது மட்டும் வராது. விரல் இன்னும் தடித்தது.

திங்கட்கிழமை திறக்கிறார்கள் என்று தகவல் வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி, எழுந்து போகச் சொன்ன அந்த அம்மாவின் வீட்டைத் தேடி அச்சங்குளம் போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கி வந்து போட்டார். ஞாயிற்றுக்கிழமைகூட இழுக்கவில்லை.

"காப்பி குடிக்கிறீகளா அண்ணாச்சி?"

"வேண்டாம்மா. நாளைக்கு வேலைக்கு வரணும்னு சொல்லத்தான் வந்தேன். அன்னைக்குக் கோபத்துல சொல்லிட்டேன்."

அவர் ஒரு துணியை உதறிக் கொடியில் போட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்குத் தொட்டப்ப உங்களுக்குச் சூடு தெரியலையா? இல்ல, தெரிஞ்சும் ஆர்டர் போயிருமேன்னு உக்காரச் சொன்னீகளா?"

பத்து நாளாக அவர் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை என்றேன். கிதார் படிக்கிற கதையைச் சொன்னேன். விரல் காய்த்ததைச் சொன்னேன். டீ டம்ளரைச் சொன்னேன். மொதலாளியிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் சிரித்துவிடுவார் போலிருந்தது. சிரிக்கவில்லை.

"இப்பவும் வாசிக்கிறீகளா?"

"விட்டுட்டேன்."

"கையக் காட்டுங்க."

காட்டினேன். காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அரைமணி நேரம் வாசித்திருந்தேன். நான்கு விரலிலும் கம்பி பதிந்த கோடு அப்படியே இருந்தது. அவர் கையைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார், அவ்வளவுதான்.

"ஒண்ணு அத விடுங்க. இல்லன்னா மருந்துப் பக்கம் வராதீக. ரெண்டையும் வச்சுக்கிட்டு எங்கள உள்ள உக்கார வைக்காதீக."

"மருந்த விட்டுறேன்" என்றேன்.

அவர் சொல்லி முடித்த மாத்திரத்தில் சொல்லிவிட்டேன். எனக்கே தூக்கிவாரிப்போட்டது. வலது கையால் தொட்டுப் பழகிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வலது கையால் அழுத்துகிற மாதிரி கிதார்க் கம்பிகளை மாற்றிக் கட்டிக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். வழி இல்லாமல் இல்லை. ஒன்றைக்கூட நான் தேடவில்லை.

"இம்புட்டு வருசம் பாத்த வேலை அண்ணாச்சி. யோசிச்சுச் சொல்லுங்க."

"பயமா இருக்கும்மா" என்றேன். "இப்ப இல்ல. சேர்ந்த நாள்ல இருந்தே. தெனமும் கேட்டுக்குள்ள கால் வைக்கும்போது வயித்தப் பெசையும். யார்ட்டயும் சொன்னதில்ல."

மனைவியிடம்கூடச் சொல்லாததை அவர் வீட்டு வாசலில் சொல்லிவிட்டேன். கையில் இருந்த ஈரத்துணியைப் பிழிந்தபடி அவர் என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை.

"எனக்கு மட்டும் பயம் இல்லையா அண்ணாச்சி? உங்களுக்குச் சொல்லிக்கிட்டு வெளிய வர ஒரு கித்தார் இருக்கு. நான் எதச் சொல்லிட்டு வெளிய வர?"

நான் எழுந்தேன். பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தேன்.

மறுநாள் காலை எல்லார் முன்னாலும் மொதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பேக்கிங் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு, வேறு ஒருவரை மருந்து பார்க்கச் சொன்னார். ஷெட்டில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய் உட்கார்ந்தேன். வயிறு இறுகவில்லை. அதுவே வேதனையாக இருந்தது. ஷெட்டின் ஜன்னலில் இருந்து பார்த்தால் ரூம் வாசல்கள் தெரியும். அந்த அம்மா வந்திருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். மற்ற மூவரும் அதேபோல் வைத்து எடுத்ததும், நான்கு பேரும் உள்ளே போனார்கள்.